தலையசைப்பு முதல் மௌனம் வரை: பிற நாட்டாரின் சைகைகளை அறிந்து பழகுவதற்கான முழுமையான வழிகாட்டி

மதுரைக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளைக் கோயில், மகால், கடைவீதி என்று அழைத்துச் சென்று காட்டும் வேலையில் பல ஆண்டுகளாக இருந்துவருகிறேன். ஒருமுறை சித்திரை வீதியை ஒட்டிய ஒரு துணிக்கடையில், ஜெர்மனியிலிருந்து வந்த கணவனும் மனைவியும் ஒரு சுங்குடிச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதுதானா?" என்று கேட்டார்கள். கடைக்காரர் தலையை இரு பக்கமும் இலேசாக ஆட்டினார். அவர்கள் மறுபடியும் கேட்டார்கள். அவர் மறுபடியும் ஆட்டினார். மூன்றாம் முறையும் அதே ஆட்டம்தான் பதிலாக வந்தது. சேலையை மடித்து வைத்துவிட்டு அவர்கள் இறங்கிப் போனார்கள். வெளியே வந்ததும் அந்த அம்மையார் என்னிடம், "உண்மையைச் சொல்ல அவருக்கு மனமில்லை போலிருக்கிறது" என்றார். உள்ளே கடைக்காரரோ, "அத்தனை தடவை ஆமா ஆமான்னு சொல்லியும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். இருவருமே நேர்மையாக நடந்துகொண்டவர்கள். ஒரு தலையசைப்பு நடுவில் புகுந்து இருவரையும் பிரித்துவிட்டது.

இத்தகைய பிரிவுகளில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை. கடை, விடுதி, ஆட்டோ, மருத்துவமனை என்று வெளிநாட்டாரோடு பழகும் தொழிலில் இருப்பவர்களும், வளைகுடா, மலேசியா, ஐரோப்பா என்று வேலைக்கோ படிப்புக்கோ கிளம்புகிறவர்களும் கீழ்க்காணும் படிகளை வரிசையாகக் கடைப்பிடித்தால் போதும்.

தொடங்குமுன் ஒரு தவறான கணக்கை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். பேச்சில் சொல்லின் பங்கு 7 விழுக்காடு, குரலின் பங்கு 38, முகத்தின் பங்கு 55 என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவதைப் பலர் கேட்டிருப்பீர்கள். அந்த எண்கள் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒற்றைச் சொல்லை ஒருவர் சொல்லும்போது அவருடைய விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எதை வைத்து ஊகிக்கிறார் என்பதே அந்த ஆய்வுகளின் பொருள். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். ஆகவே, மொழியைக் கற்காமல் சைகையால் சமாளித்துக்கொள்ளலாம் என்று யாரும் நம்பி இறங்க வேண்டாம். சைகை சொல்லுக்குத் துணையாக நிற்கலாமே தவிர, அதன் இடத்தைப் பிடிக்க முடியாது.

முதற்படி: உங்கள் உடலின் பழக்கங்களைக் கணக்கெடுங்கள்

பிறரின் சைகையைப் படிப்பதற்கு முன், நம் உடல் நாள் முழுவதும் என்னவெல்லாம் பேசுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வாரம் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, நீங்களும் உங்களைச் சுற்றி இருப்பவர்களும் வாய் திறக்காமல் சொல்லும் செய்திகளைக் குறித்து வாருங்கள். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் கால் மணி நேரம் நின்றாலே பக்கம் நிரம்பிவிடும். தொலைவில் பையோடு ஓடி வருபவரைப் பார்த்து நடத்துநர் மோவாயை உயர்த்தி, விரித்த கையை மணிக்கட்டோடு ஒரு திருப்புத் திருப்புகிறார், "எந்த ஊருக்கு?" என்பது அதன் பொருள். அதே திருப்பல், உதட்டைப் பிதுக்கியபடி வந்தால், "தெரியாது" அல்லது "இல்லை". பூக்காரம்மா புருவத்தை உயர்த்தினால், "என்ன வேணும்?" பெரியவர் எதிரே வருவதைக் கண்டதும் மடித்துக் கட்டிய வேட்டியை ஒருவர் அவிழ்த்து விடுகிறார். தவறிக் கால் பட்டுவிட்ட புத்தகத்தைத் தொட்டுப் பள்ளிப் பிள்ளை கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். இவை ஒன்றையும் யாரும் நமக்கு வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை என்பதால்தான், உலகம் முழுவதும் இப்படித்தான் என்று எண்ணிவிடுகிறோம்.

இந்தக் கணக்கெடுப்பில் ஒன்றை நேர்மையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கைகட்டி நிற்பது, வாயைப் பொத்திப் பேசுவது, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வது ஆகியவற்றை நாம் மரியாதை என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் இவற்றை ஒடுக்கப்பட்ட மக்கள் மீது அச்சுறுத்தித் திணித்த வரலாறு நம் ஊர்களுக்கு உண்டு. நம் சைகைகள் எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் கருதவில்லை. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எதை நம்மோடு எடுத்துச் செல்வது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்க முடியும்.

இரண்டாம் படி: வகை பிரித்துப் பாருங்கள்

குறித்து வைத்தவற்றை வகைப்படுத்தினால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது தெரியும். பால் எக்மன், வாலஸ் ஃபிரீசன் என்ற இரு ஆய்வாளர்கள் 1969இல் இவற்றை ஐந்தாகப் பிரித்தார்கள். சொல்லுக்குப் பதிலாகவே நிற்கும் சைகை ஒன்று. பேச்சோடு சேர்ந்து எழும் கையசைவு மற்றொன்று. உணர்ச்சியைக் காட்டும் முகம் மூன்றாவது. 'உம்' கொட்டுவதும் தலையசைப்பதும் போலப் பேச்சின் ஓட்டத்தை நடத்திச் செல்பவை நான்காவது. சேலைத் தலைப்பைத் திருகுவது, மூக்கைத் தேய்ப்பது போலத் தன்னையறியாமல் செய்பவை ஐந்தாவது.

இவற்றுள் முதல் வகையைத்தான் தனியாகக் கற்றாக வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் விலை பேசுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். இருவரின் கைகள் மீதும் ஒரு துண்டு விழுகிறது. அதனுள்ளே ஒருவர் மற்றவரின் விரல்களைப் பிடிக்கிறார். பிடித்த விரல்களின் எண்ணிக்கைதான் தொகை, அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்பவர்கள் காணும்படி உதடு கூட அசைவதில்லை. சந்தைக்குப் பழகாத எனக்கு, தமிழே பேசி வளர்ந்திருந்தும், அது முற்றிலும் அந்நிய மொழியாகத்தான் இருந்தது. சொல்லுக்குப் பதிலாக நிற்கும் சைகை, சொல்லைப் போலவே ஊருக்கு ஊர் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: தலையசைப்பை நம்பாதீர்கள், வாயால் உறுதி செய்யுங்கள்

நம் தலையாட்டலில் குறைந்தது மூன்று வகை இருக்கிறது. வேகமாகவும் சிறிதாகவும் இரு பக்கமும் ஆடினால், "சரி" அல்லது "ஆமாம்". தலை ஒரே பக்கம் ஒருமுறை சாய்ந்தால், "வா, கிளம்பலாம்" அல்லது "அப்படியே ஆகட்டும்". மெதுவாக, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு ஆடினால், அதுதான் நாம் 'மையமாகத் தலையாட்டுவது' என்று சொல்வது. அதில் ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை. நமக்கு இந்த மூன்றும் தனித்தனி. ஐரோப்பியர் கண்ணுக்கு மூன்றும் ஒன்று, அதுவும் "இல்லை" என்பதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒன்று.

பிற நாடுகளின் தலைகளும் ஒன்றுபோல ஆடுவதில்லை. பல்கேரியாவில் மேலும் கீழும் அசைத்தால் மறுப்பு, பக்கவாட்டில் அசைத்தால் ஒப்புதல். வெளிநாட்டாரோடு பழகிய பல்கேரியர்கள் நமக்காக மாற்றி ஆட்டுவதும் உண்டு என்பதால், அங்கே தலையை வைத்து எதையும் முடிவு செய்யவே கூடாது. கிரேக்கத்திலும் துருக்கியிலும் தலையைப் பின்னோக்கி ஒரு வெட்டு வெட்டி, புருவத்தை உயர்த்தினால் "இல்லை"; கூடவே நாக்கால் 'ச்சு' என்ற ஒலியும் வரும். இந்த ஒலிதான் நம்மை ஏமாற்றிவிடும், ஏனென்றால் நாம் உச்சுக் கொட்டுவது இரக்கத்துக்கு. அவர் மறுக்கிறார், நாமோ அவர் நமக்காகப் பரிதாபப்படுவதாக எண்ணிக்கொண்டு நிற்போம். ஜப்பானியர் நாம் பேசப் பேசத் தலையசைத்து 'ஹை' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அது பெரும்பாலும் நாம் 'உம்' கொட்டுவதைப் போன்றதே, ஒப்பந்தத்துக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே, பணம், நேரம், மருந்து, உணவு ஒவ்வாமை ஆகிய நான்கிலும் தலையசைப்பைப் பதிலாகக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. "ஆம், இது கையால் செய்தது" என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். கேட்கும்போதும் "சரிதானே?" என்று கேட்காமல், "எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்று சொல்லால் மட்டுமே பதில் தரக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். அந்தத் துணிக்கடைக்காரர் இப்போது அப்படித்தான் சொல்கிறார். தலையும் கூடவே ஆடத்தான் செய்கிறது, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

நான்காம் படி: கையையும் விரலையும் புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள்

கைச் சைகைகளில்தான் மிகுதியான தவறுகள் நடக்கின்றன. அழைப்பதிலிருந்து தொடங்குவோம். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து விரல்களை நம் பக்கம் அசைத்து "வா" என்கிறோம். ஜப்பானியருக்கும் அது அழைப்பே. அமெரிக்கருக்கோ அது "போ" என்று விரட்டுவதைப் போலத் தெரியும். அவர்கள் உள்ளங்கையை மேலே திருப்பி ஆள்காட்டி விரலை மடக்கி அழைப்பார்கள். அதை அப்படியே பிலிப்பைன்ஸ் நாட்டவரிடம் செய்தால், நாயைக் கூப்பிடுவது போல என்று புண்படுவார்கள். வளைகுடாவில் வேலைக்குச் செல்லும் நம்மவர்களுக்குப் பிலிப்பைன்ஸ்காரர்கள் அருகிலேயே வேலை செய்வார்கள் என்பதால் இதை நினைவில் வைக்க வேண்டும். அவர்கள் புருவத்தை உயர்த்தினால் "ஆமாம்", நம்மைப்போல் "என்ன?" என்று கேட்கவில்லை. உதட்டைக் குவித்து ஒரு திசையில் நீட்டினால், பொருள் அங்கே இருக்கிறது என்று சுட்டுகிறார்கள்.

விரல்களைக் குவித்து மேல்நோக்கி வைத்துக் கையை இலேசாக அசைத்தால், அரபு நாடுகளில் "பொறு, சற்று இரு" என்று பொருள். மேலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், வளைகுடாவுக்கு வேலைக்குச் சென்ற முதல் வாரத்தில் மேலாளர் இப்படிக் காட்டியபோதெல்லாம் "சாப்பிட்டாயா?" என்று அன்பாக விசாரிக்கிறார் என்று எண்ணி, "சாப்பிட்டேன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்திருக்கிறார். மேலாளரின் முகம் சிவந்ததற்குக் காரணம் அவருக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இதே குவித்த கை இத்தாலியில் "என்னதான் சொல்ல வருகிறாய்?" என்ற கேள்வி.

பள்ளிக்கூடத்தில் சுண்டு விரலைக் காட்டினால் எதற்கு அனுமதி கேட்கிறோம் என்பது நமக்குத் தெரியும். சீனாவில் அதே விரல் "மட்டம், மோசம்" என்ற இழிவு. ஜப்பானில் பழைய வழக்கில் அது காதலியைக் குறிக்கும். கட்டை விரலை உயர்த்துவது பல நாடுகளில் பாராட்டு, ஈரானில் மரபாக வசை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் காட்டுவது அமெரிக்காவில் "நன்று", ஜப்பானில் "பணம்", பிரான்சில் "பூஜ்யம்", பிரேசிலில் ஆபாசம். இரண்டு விரல்களை விரித்து வெற்றிச் சின்னம் காட்டும்போது, உள்ளங்கை நம் பக்கம் இருந்தால் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அது கடும் வசை. 1992இல் கான்பெரா சென்ற அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ், காருக்குள் இருந்தபடி அங்கே கூடியிருந்த உழவர்களுக்கு அப்படித்தான் காட்டிவிட்டார். ஒரு நாட்டின் அதிபருக்கே சொல்லித்தர ஆளில்லாமல் போன இடத்தில் நாம் தடுமாறுவது வெட்கப்பட வேண்டியதன்று. பயணம் போகுமுன் அந்தந்த நாட்டின் வசைச் சைகைகளை மட்டுமாவது பட்டியலிட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் விரல்களைத் தனித்தனியே நீட்டாதீர்கள்; திசை காட்டவும் முழுக் கையையே பயன்படுத்துங்கள். மலேசியாவில் வலக்கை விரல்களை மடக்கிக் கட்டை விரலால் சுட்டுவது பணிவான முறை.

கொடுப்பதிலும் வாங்குவதிலும் நமக்கு ஒரு நல்ல முதலீடு ஏற்கெனவே இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒன்றைக் கொடுக்கும்போது வலக்கையால் நீட்டி, இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்வோம் அல்லவா? கொரியர்களும் அவ்வாறே செய்கிறார்கள். ஜப்பானில் பெயர் அட்டையை இரு கையாலும் வாங்கி, படித்துப் பார்த்த பிறகே வைக்க வேண்டும். வாங்கியவுடன் பின்பக்கப் பையில் திணிப்பது அவமதிப்பு. 2013இல் பில் கேட்ஸ், தென்கொரிய அதிபர் பார்க் கியுன் ஹேயுடன் கைகுலுக்கும்போது இடக்கையைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தது அந்நாட்டில் பெரும் பேச்சானது. ஐரோப்பியர் இடக்கையால் பணம் நீட்டினால் மட்டும் நாம் மனம் கோணாமல் வாங்கிக்கொள்ள வேண்டும்; அவர்களுக்கு இரண்டு கைகளும் ஒன்றே.

ஐந்தாம் படி: கண்ணையும் முகத்தையும் அவசரப்பட்டுப் படிக்காதீர்கள்

முகக்குறிப்பைப் படிப்பது நமக்குப் புதிதன்று. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71ஆவது அரசவையில் இருப்பவர்களுக்கு, 110ஆவது காதலர்களுக்கு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்கிறது. எக்மன் 1960களின் பிற்பகுதியில் பப்புவா நியூ கினியாவின் ஃபோரே மக்களிடையே ஆய்வு செய்து, மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அருவருப்பு, வியப்பு ஆகியவை மனிதர் எல்லாருக்கும் பொதுவான முகங்கள் என்றார். அது முற்றிலும் சரியா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். நமக்கு வேண்டிய பகுதி அவருடைய இன்னொரு கருத்து: எந்த உணர்ச்சியை எங்கே காட்டலாம், எங்கே மறைக்க வேண்டும் என்ற விதி நாட்டுக்கு நாடு வேறு.

தவறு செய்து பிடிபட்டால் நம் பிள்ளைகள் அசடு வழியச் சிரிப்பார்கள். அது வெட்கம். வெளிநாட்டு விருந்தினர் மீது காப்பியைக் கொட்டிவிட்டு விடுதிப் பணியாளர் அப்படிச் சிரித்தால், கேலி செய்கிறார் என்றே அவர் எண்ணுவார். அந்த இடத்தில் சிரிப்பை அடக்கி, உடனே வருத்தம் தெரிவிக்க வேண்டும். ரஷ்யர்களோ அறிமுகமில்லாதவர்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். முகம் இறுகியிருக்கிறது என்பதற்காகக் கோபம் என்று கொள்ளக் கூடாது.

கண்ணைப் பொறுத்தவரை, ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் நேர்முகத் தேர்வில் கேட்பவரின் கண்ணைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பெரியவர் முன்னால் பார்வையைத் தாழ்த்துவது நம் வளர்ப்பு; அங்கே அது எதையோ மறைப்பதாகத் தோன்றும். நாமும் "முகம் கொடுத்தே பேசவில்லை" என்று குறைப்படுவோமே, அதே குறைதான் அவர்களுக்கும் வருகிறது. கண்ணைப் பார்ப்பது கடினமாக இருந்தால் புருவங்களுக்கு நடுவே பாருங்கள். எதிரில் இருப்பவருக்கு வேறுபாடு தெரியாது. மதுரையில் வெளிநாட்டுப் பெண்களை வழிகாட்டும் ஆண்கள் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கற்க வேண்டும்: பேசும்போது கண்ணைப் பார்க்கலாம், பேச்சு முடிந்த பிறகும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பது அச்சமூட்டும். இதைப் பற்றி என்னிடம் வருந்திச் சொன்ன பயணிகள் பலர்.

ஆறாம் படி: தூரம், தொடுதல், கால்

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960களில் மனிதர்கள் தம்மிடையே விடும் இடைவெளியை அளந்தார். நெருங்கியவர்க்கு 45 செ.மீ. வரை, நண்பர்க்கு 1.2 மீட்டர் வரை, அலுவல் பழக்கத்துக்கு 3.6 மீட்டர் வரை என்பது அவர் தந்த அளவு. அது அமெரிக்கரை வைத்து எடுத்தது. சித்திரைத் திருவிழாவில் வைகையாற்றில் நின்று அழகரைப் பார்த்தவர்களுக்குப் பொருந்தாது. நடைமுறை விதி எளிது: நீங்கள் பேசும்போது அவர் ஓரடி பின்வாங்கினால் நீங்கள் முன்னேறாமல் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், அரபு நண்பர் நெருங்கி வந்தால் பின்னால் நகராதீர்கள்.

நண்பர்களான ஆண்கள் கைகோத்து நடப்பது நம் ஊரிலும் அரபு நாடுகளிலும் இயல்பு. 2005இல் டெக்சாஸ் வந்த சவூதிப் பட்டத்து இளவரசர் அப்துல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நடந்த படத்தை அமெரிக்கர்கள் வியப்போடு பார்த்தார்கள். மலேசியாவிலும் வளைகுடாவிலும் முஸ்லிம் பெண்களிடம் நாமாகக் கையை நீட்டக் கூடாது. அவர்கள் நீட்டினால் குலுக்கலாம், இல்லாவிட்டால் வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினால் போதும். தாய்லாந்தில் குழந்தையே ஆனாலும் தலையைத் தொடாதீர்கள். பாதத்தை யாரை நோக்கியும், குறிப்பாகப் புத்தர் சிலையை நோக்கி, நீட்டாதீர்கள். மேலைநாட்டார் கால் மேல் கால் போட்டு அமர்வதும், நேர்முகத் தேர்வில் நாம் கைகட்டி அமர்வதும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசைத் தவறுகள்: அவர் திமிராக இல்லை, நாமோ பணிவாக இருக்கிறோம், ஆனால் அவர்கள் கண்ணுக்குக் கட்டிய கை மனத்தைப் பூட்டியதாகத் தெரிகிறது. கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: மௌனத்துக்கு இடம் விடுங்கள்

பத்து மொழிகளை வைத்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாக ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளிதான் இருந்தது; ஜப்பானியரிடம் அது மிகக் குறைவு, டேனிஷ் மக்களிடம் மிகுதி. பின்லாந்துக்காரர் பேச்சின் நடுவே அமைதியாக இருப்பதை அசௌகரியமாகக் கருதமாட்டார். ஆகவே பதில் உடனே வராவிட்டால் அவசரப்பட்டு நீங்களே பேச்சைத் தொடராமல், கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் மூன்று வரை எண்ணுங்கள். அதன் பிறகே அடுத்த சொல்.

எட்டாம் படி: தவறு நேர்ந்தால் அந்த இடத்திலேயே சரிசெய்யுங்கள்

எத்தனை கற்றாலும் தவறு நேரும். எதிரில் இருப்பவர் திடீரென்று பேச்சை நிறுத்தினாலோ, முகம் மாறினாலோ, ஓரடி விலகினாலோ, உடனே உங்கள் கையும் தலையும் அந்தக் கணத்தில் எப்படி இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். பிறகு கைகளைக் கீழே விட்டு, "எங்கள் ஊரில் இதற்கு இன்ன பொருள், உங்கள் ஊரில் வேறா?" என்று வாயால் கேளுங்கள். இப்படிக் கேட்டு யாரும் என்னிடம் கோபித்ததில்லை. பெரும்பாலும் அவர்கள் ஊரின் பத்துச் சைகைகளைச் சொல்லித் தந்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

கோயிலில் ஒரு முறை, மூலவர் சந்நிதிக்குச் செல்லும் வாயிலை நோக்கி நடந்த கிரேக்கத் தம்பதியரைக் காவலர் ஒருவர் விரல்களை விரித்து, உள்ளங்கையை அவர்கள் முகத்துக்கு நேராக நீட்டி நிறுத்தினார். நமக்கு அது வெறும் "நில்லுங்கள்"; நடராசரின் திருவுருவில் உயர்த்திய கை "அஞ்சாதே" என்றே சொல்கிறது. கிரேக்கத்திலோ விரித்த கையை முகத்துக்கு நேரே நீட்டுவது மிகப் பழைய, மிகக் கடுமையான வசை. கணவரின் முகம் வெளிறிவிட்டது. நான் நடுவில் போய் நின்று இரு தரப்புக்கும் விளக்கினேன். காவலர் அதைக் கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, இரு கைகளையும் கூப்பினார். அந்தக் கணவரும் கூப்பினார். இப்போதெல்லாம் அந்தக் காவலர் வெளிநாட்டாரை நிறுத்தும்போது கையை நெஞ்சுயரத்துக்கு மேலே தூக்குவதில்லை. இடுப்பளவில் உள்ளங்கையைத் திருப்பி, அவர்கள் போகக்கூடிய ஆயிரங்கால் மண்டபத்தின் பக்கம் வழி காட்டுகிறார்.